ரேஷன் வரிசையும் குடியுரிமையும்

திருச்சியின் ஸ்ரீரங்கத்திலானாலும் பாலக்கரையிலானாலும் ரேஷன் கடையில் அரிசி வாங்க வருபவரின் மதத்தை யாரும் கேட்பதில்லை. தமிழகக் கட்சிகள் வளர்த்த நலத்திட்ட அரசியலின் பெரிய பலம் இதுதான். திட்டம் எல்லோருக்குமானது என்பதால் ஏழை முஸ்லிமும் ஏழைக் கிறிஸ்தவரும் சலுகை பெறுபவர்களாகத் தனித்துத் தெரிவதில்லை. 'அவர்களுக்கு மட்டும்' என்ற புகைச்சலும் எழுவதில்லை. 'இலவசம்' என்று ஏளனம் செய்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கொடுத்ததைக் காட்டி உரிமையில் கைவைக்கலாம் என்று கட்சி நினைக்கும்போதுதான் சிக்கல். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125-க்கு 105 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் அதிமுகவினர் 11 பேர். அவர்கள் எதிர்த்திருந்தால் மசோதா தோற்றிருக்கும். தமிழக முஸ்லிம்கள் யாருக்கும் பாதிப்பில்லை என்றது அன்றைய அதிமுக ஆட்சி. அடுத்த மாதம் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் பொங்கல் பரிசு வந்தது.

2021 தேர்தல் அறிக்கையில் அதே கட்சி வாஷிங் மெஷினையும் மாதம் 1,500 ரூபாயையும் அறிவித்தது. அந்தக் குடியுரிமைச் சட்டத்தைக் கைவிடும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றும் சொன்னது. 2011-இல் ஜெயலலிதாவையும், 2015 இடைத்தேர்தலிலும் 2016-இலும் அவர் கட்சியையும் தேர்ந்தெடுத்த ஸ்ரீரங்கம் உட்பட, திருச்சி மாவட்டத்தின் ஒன்பது தொகுதிகளும் திமுக அணிக்குப் போயின. பத்தாண்டு ஆட்சியின் மீதான சலிப்புக்கும் அதில் பங்குண்டு. ஆனால் உரிமையில் விட்டதைப் பொருளால் ஈடுகட்டிவிடலாம் என்ற கணக்கு அங்கே பலிக்கவில்லை.

திமுகவின் வரலாறும் மாசற்றதல்ல. 2002 குஜராத் கலவரத்தின்போது அது பாஜக கூட்டணி அரசில்தான் இருந்தது. ஆனால் 2007-இல் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் தலா 3.5 சதவீத உள் ஒதுக்கீட்டைச் சட்டமாக்கியது. தங்களுக்கு அது பாதகம் என்று கிறிஸ்தவர்கள் சொன்னதும், மறு ஆண்டே அவர்கள் பங்கைத் திரும்பப் பெற்றது. கேட்கவும் மறுக்கவும் இடம் தருவதே உரிமை; இலவசப் பொருளில் அந்த இடம் இல்லை.

இரண்டு கட்சிகளுக்கும் உரைகல் திருச்சி கொட்டப்பட்டு அகதிகள் முகாம். அங்குள்ள இலங்கைத் தமிழர்களுக்கு அரிசியும் உதவித்தொகையும் உண்டு. மாநிலம் முழுவதும் உள்ள இத்தகைய முகாம்வாசிகளின் நலனுக்கென 2021-இல் தமிழக அரசு 317 கோடி ரூபாய் அறிவித்தது. ஆனால் 2019 சட்டம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அம்முகாமில் வசிக்கும், இந்தியாவிலேயே பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் ஏறி, பாஸ்போர்ட் பெற்று, 2024-இல் வாக்களித்தார். அந்த வாக்கைப் பெற்றுத் தந்தது வழக்குதான், எந்த நலத்திட்டமும் அல்ல. வாக்கில்லாதவர்களுக்குக் கட்சிகள் சோறு போடும். உரிமைக்காக மெனக்கெடுவது அரிது.

ஆகவே, நலத்திட்டத்தையும் சிறுபான்மை உரிமையையும் எப்படிச் சமன் செய்வது என்று கேட்பதே பிழை. கஜானாவைப் பொறுத்து உதவித்தொகை கூடலாம், குறையலாம். உரிமைக்கு அந்த நெகிழ்வு கூடாது. மாதம் எத்தனை ரூபாய் என்று அச்சிடும் கட்சி, எந்தெந்தச் சட்டங்களுக்கு எந்தக் கூட்டணிக்காகவும் கைதூக்க மாட்டோம் என்பதையும் அதே அறிக்கையில் அச்சிட வேண்டும். அப்போதுதான் அடுத்த தேர்தலில் இரண்டுக்கும் சேர்த்துக் கணக்குக் கேட்க முடியும்.