அடிக்கனமும் தலைக்கனமும்

தஞ்சாவூர் பொம்மைக் கடைகளில் இரண்டு வகைப் பொம்மைகள் உண்டு. ஒன்று ராஜா ராணி. அடிப்பாகம் உருண்டை, அதற்குள் களிமண் கனம். எந்தப் பக்கம் சாய்த்துவிட்டாலும் ஆடி ஆடி நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். மற்றொன்று ஆட்டக்காரி. தலையும் உடலும் பாவாடையும் தனித்தனித் துண்டுகள். லேசாகத் தட்டினால் கழுத்து ஒரு பக்கம் சொக்கும், இடுப்பு இன்னொரு பக்கம் அசையும். கண்ணைப் பறிப்பவள் இவள்தான். ஆனால் கை தவறிக் கவிழ்ந்தால் தானாக எழுந்திருக்க மாட்டாள்.

பழைய நகைச்சுவைத் தொடர்களைப் பெரியவர்களுக்கான அனிமேஷனாக மாற்றலாமா என்ற கேள்விக்கு இந்த இரண்டு பொம்மைகளைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு தொடரின் சிரிப்பு எங்கே கனக்கிறது? அடியில் என்றால், பாத்திரங்கள் மாட்டிக்கொண்டிருக்கும் நிலைமையில், அவர்களுக்குள் இருக்கும் உறவில். தலையில் என்றால், ஒரு நடிகரின் முகத்தில், குரலில், அவர் பேசாமல் விடும் அந்த அரை நொடியில். அடிக்கனம் உள்ளதை ஊடகம் மாற்றிச் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும். தலைக்கனம் உள்ளது விழும். இத்துடன் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். கேமரா தராத எதைக் கோடு தருகிறது? ‘பெரியவர்களுக்கு’ என்ற சொல்லை எந்த அர்த்தத்தில் சொல்கிறோம்?

அமெரிக்காவில் இந்தச் சோதனை பல முறை நடந்திருக்கிறது. 1955-56இல் வந்த ‘தி ஹனிமூனர்ஸ்’ தொடரின் தம்பதிச் சண்டையைக் கற்காலத்துக்கு இடம் மாற்றியதுபோல 1960 செப்டம்பரில் வந்தது ‘தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்’. இரவு நேரத்தில், பெரியவர்களைக் கருதி ஒளிபரப்பானது. ஆரம்பத்தில் அதன் விளம்பரதாரரே ஒரு சிகரெட் கம்பெனி. நடிகர்களை வரையாமல் நிலைமையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அதனால் நின்றது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த பிற முயற்சிகள் நேர்மாறு. ‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’ பாத்திரங்களை 1982இல் வேறொரு கிரகத்துக்கே அனுப்பினார்கள். ‘ஹேப்பி டேஸ்’ ஃபான்ஸியைக் கால இயந்திரத்தில் ஏற்றினார்கள். தெரிந்த முகங்கள் சனிக்கிழமைக் காலைக் குழந்தைகளுக்காகத் துள்ளின. இன்று அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2024இல் ஒரே ஆண்டில் இரண்டு உதாரணங்கள் கிடைத்தன. ‘குட் டைம்ஸ்’ எழுபதுகளில் சிகாகோ அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்ந்த ஏழைக் கறுப்பினக் குடும்பத்தின் கதை. நெட்ஃபிளிக்ஸ் அதை அனிமேஷனாக்கியபோது போதைப்பொருள் விற்கும் கைக்குழந்தை ஒன்று வந்து சேர்ந்தது. முன்னோட்டம் வெளியான நாளிலேயே எதிர்ப்பு கிளம்பியது. பழைய தொடரில் வறுமைக்கு நடுவே ஒரு மானம் இருந்தது, சிரிப்பு அதன்மேல் உட்கார்ந்திருந்தது. அந்தக் களிமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுக் கூடு மட்டும் வைத்தார்கள். அதே ஆண்டில் வந்த ‘எவ்ரிபடி ஸ்டில் ஹேட்ஸ் கிறிஸ்’ பழைய தொடரின் அடிப்படையைத் தொடவில்லை. வளர்ந்த கிறிஸ் ராக் தன் சிறுவயதைத் திரும்பிப் பார்த்துச் சொல்லும் அந்தக் குரல் அப்படியே இருந்தது. நினைவு என்பதே மிகைப்படுத்தும் சமாச்சாரம், அதற்குக் கோடு கைகொடுத்தது. ‘பெரியவர்களுக்கு’ என்பதை முதல் தொடர் கொச்சை என்று புரிந்துகொண்டது, இரண்டாவது தொடர் நினைவு என்று புரிந்துகொண்டது.

இந்தியாவில் கதையே வேறு. இங்கே ஊடகம் மாறும்போது பார்வையாளரின் வயது குறைகிறது. தாரக் மேத்தா 1971இல் குஜராத்தி ‘சித்ரலேகா’ பத்திரிகையில் எழுதத் தொடங்கியது வளர்ந்தவர்கள் படிக்கும் பத்தி. 2008இல் அது குடும்பத்தோடு பார்க்கும் தொலைக்காட்சித் தொடரானது. 2021இல் சோனி யாய் சேனலில் சிறுவர் கார்ட்டூனானது. ‘சிங்கம்’, ‘கோல்மால்’, ‘தபாங்’ என்ற இந்திப் படங்கள் எல்லாமே ஒருவழியாகக் கார்ட்டூன் சேனல்களில் போய் நின்றன. அனிமேஷன் என்றாலே சுண்டல் சாப்பிடும் வயதுக்கு என்று நம் தயாரிப்பாளர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். அதைக் கொஞ்சம் அசைத்த ‘பாகுபலி’ அனிமேஷன்கூட வீரக் கதைதான், நகைச்சுவை இல்லை.

தமிழில் இந்தச் சோதனை, நாம் கவனிக்காமலே, ஏற்கெனவே நடந்துவிட்டது. 2014இல் வந்த ‘கோச்சடையா’னில் 2009இல் மறைந்த நாகேஷைக் கணினியில் உருவாக்கி நடமாடவிட்டார்கள். முகம் நாகேஷ்தான். ஆனால் சிரிப்பு வரவில்லை. நாகேஷின் சிரிப்பு முகத்தின் அமைப்பில் இல்லை. எலும்பே இல்லாததுபோல் வளையும் உடம்பில் இருந்தது, வசனத்தைக் கால் நொடி முந்திப் போடும் துடுக்கில் இருந்தது. கணினி முகத்தை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. தலையை மட்டும் கழற்றி எடுத்துவந்தால் ஆட்டக்காரி ஆடுவாளா?

இதற்கு எதிர்த்திசையில் 46 ஆண்டு முன்னால் நடந்ததைப் பாருங்கள். 1968இல் ஏ. பி. நாகராஜன் எடுத்த ‘தில்லானா மோகனாம்பா’ளில் அதே நாகேஷ்தான் சவடால் வைத்தி. ஆனால் வைத்தி திரைக்கு வருமுன் தாளில் நடமாடியவன். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் அந்தத் தொடரை எழுதியபோது படம் வரைந்தவர் கோபுலு. சிக்கல் சண்முகசுந்தரத்தையும் திருவாரூர் மோகனாம்பாளையும் வாசகர்கள் முதலில் கோட்டில்தான் பார்த்தார்கள். கோட்டிலிருந்து உடம்புக்கு வந்தபோது வைத்தி இன்னும் பெருத்தான். உடம்பிலிருந்து கோட்டுக்குப் போனபோது நாகேஷ் சுருங்கினார். கோடு முதலில் தேடிப் பிடிப்பது பாத்திரத்தின் அடிக்கனத்தை. நல்ல நடிகர் அதன்மேல் தன் தலையை வைக்கலாம். முதலில் தலையைப் பிடித்துக்கொண்டு பிறகு அடியைத் தேடினால் அகப்படாது.

கோபுலு தஞ்சாவூரில் 1924இல் பிறந்தவர், கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். அவர் வரைந்த பேசாச் சித்திரங்களில் ஒரு வார்த்தை இருக்காது. ஆனாலும் தஞ்சாவூர்க் குசும்பு முழுக்க இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. காவிரிக்கரைத் திண்ணைப் பேச்சில் பாதி, பேசாத பேச்சு. வாயில் வெற்றிலையும் சீவலும் குதப்பிக்கொண்டிருக்கும் ஆள் முழு வாக்கியம் பேச மாட்டார். தலையைச் சற்று அண்ணாந்து, புருவத்தை ஏற்றி, ஒரு “ம்ஹும்” போடுவார். எதிரில் இருப்பவருடைய பத்து வேலி நிலமும் அந்த ஒரு ஓசையில் ஏலத்துக்குப் போய்விடும். உப்பிய கன்னத்தையும் ஏறிய புருவத்தையும் கோடு பிடித்துவிடும். வசனத்தை நம்பி ஓடிய நம் தொலைக்காட்சித் தொடர்கள் பெரும்பாலும் பிடிக்காமல் விட்டது இதைத்தான்.

இனித் தமிழ் நகைச்சுவைகளில் மூன்றைச் சாய்த்துப் பார்ப்போம்.

முதலாவது ‘சின்னப் பாப்பா பெரிய பாப்பா’. அதில் பட்டாபியாக வந்த எம். எஸ். பாஸ்கர் முத்துப்பேட்டைக்காரர், தேர்ந்த டப்பிங் கலைஞரும்கூட. அதனால் குரல் கார்ட்டூனுக்கு வந்துவிடும் என்று ஒருவர் வாதிடலாம். வரும்தான். ஆனால் பட்டாபியின் மீதிப் பாதி, அந்தக் குரல் கிளம்புமுன் முகத்தில் ஓடும் கலவரத்தில் இருக்கிறது. ஒரு நொடியில் நான்கு முறை மாறும் முகம் அது. அதை வரைந்து நிறுத்தினால் நான்கு முகமாகிவிடும், மாற்றம் காணாமல் போய்விடும். தலைக்கனம். வேண்டாம்.

இரண்டாவது, பாலசந்தரின் நிறுவனத் தயாரிப்பில் நாகா இயக்கி 1998இல் வந்த ‘ரமணி vs ரமணி’. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே பெயர், ஒரே வீடு, ஓயாத ஊடல். அடுத்த பாகத்தில் ஜோடி மாறிய பிறகும் தொடர் தளரவில்லை. ஆகவே இதன் கனம் அடியில்தான் இருக்கிறது, முதல் சோதனையில் தேறிவிடுகிறது. இரண்டாவது கேள்வியில்தான் தோற்கிறது. ஒரு சோபா, ஒரு சமையலறை, இரண்டு பேர். இதில் கேமரா தராத எதைக் கோடு தரப்போகிறது? 22 நிமிட அத்தியாயம் ஒன்றுக்கு, நொடிக்கு 24 சட்டகம் என்ற கணக்கில், 31,680 சட்டகங்கள். இரண்டு சட்டகத்துக்கு ஒரு படம் என்று சிக்கனம் பிடித்தாலும் 15,840 படங்கள். சோபாவில் உட்கார்ந்திருக்கும் இருவரைக் காட்ட இத்தனை கை உழைப்பு வீண். நல்ல தொடர் என்பதற்காக அனிமேஷனாக்க வேண்டியதில்லை. அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

மூன்றாவது ‘துப்பறியும் சாம்பு’. திருவிடைமருதூரில் 1913இல் பிறந்த தேவன், நாற்பதுகளில் ஆனந்த விகடனில் எழுதியது. சாம்பு நடமாடுவது சென்னையில், ஆனால் அவனைப் பார்த்துச் சிரிக்கும் கண் காவிரிக்கரைக் கண். வழுக்கைத் தலை, பெரிய மூக்கு, மந்தமான பார்வை, பாங்கில் குமாஸ்தா. அவன் தடுக்கி விழுந்தால் அந்த இடத்தில் திருடன் அகப்படுவான். அவன் உளறினால் அதில் துப்பு இருக்கும். இன்ஸ்பெக்டர் கோபாலனிலிருந்து ஊர்ப் பெரிய மனிதர்கள் வரை அவனை மேதை என்று கொண்டாடுவார்கள். முதலில் ராஜு வரைந்தார். பின்னால் கோபுலு சித்திரத் தொடராகவே வரைந்தார். தூர்தர்ஷன் தொடரில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக வந்தார்.

நடிப்பில் சாம்பு அகப்படுவது கடினம். குறை நடிகருடையது அல்ல. கெட்டிக்கார நடிகர் அசடாக நடிக்கும்போது கண் காட்டிக்கொடுத்துவிடும். சிரிக்க வைக்கிறோம் என்று தெரிந்து சிரிக்க வைக்கும் சாம்பு, சாம்பு ஆக மாட்டான். கோட்டுக்கு அந்தச் சங்கடம் இல்லை. இரண்டு புள்ளி வைத்தால் மந்தமான கண், அதற்குப் பின்னால் யாரும் ஒளிந்திருக்க முடியாது. சிரிப்பின் கனமும் அவனிடத்தில் இல்லை. அசட்டு அதிர்ஷ்டத்தை மேதைமை என்று படித்துக்கொள்ளும் ஊரில் இருக்கிறது. நம் காலத்தில் அந்த ஊர் சிறுத்துவிட்டதாகத் தெரியவில்லை. பெரியவர்களுக்கான நகைச்சுவைக்கு வசவும் படுக்கையும் அவசியமில்லை. அகப்பட்டவனை அவதாரமாக்கிவிட்டு, பிறகு அவனிடமே யோசனை கேட்கப் போகும் நம் பழக்கத்தைப் பார்த்துச் சிரிக்கத்தான் வயது வேண்டும். மூன்று கேள்விகளிலும் தேறுவது சாம்பு ஒருவனே.

தீர்ப்புக்கு முன் ஒரு வழக்கு பாக்கி. விகடன் மரபு காட்டிய காவிரி டெல்டா பாதி டெல்டா. திண்ணை, சபா, சந்நிதித் தெரு இருந்தன. நாற்றங்காலில் குனிந்திருந்தவர்களோ, மேட்டூர் திறந்த பிறகும் தண்ணீர் எட்டிப் பார்க்காத கடைமடைக்காரரோ சட்டகத்துக்குள் வந்தது அரிது. வந்தாலும் ஏவலாளாக வந்தார்கள். அதை அப்படியே வண்ணம் பூசி அசைய விட்டால் அது பழம்பெருமை ஆல்பம். இந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. மருந்தும் இந்த மண்ணிலேயே கிடைக்கிறது. தஞ்சை மராட்டியர் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் தோல்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இருவர் உண்டு. ராமாயணம் நடந்துகொண்டிருக்கும்போது குறுக்கே புகுந்து, பச்சையும் கொச்சையுமாகப் பேசி, அரசனையும் விடாமல் நையாண்டி செய்வார்கள். திரைக்குப் பின்னால் விளக்கு, முன்னால் வளர்ந்த ஆண்களும் பெண்களும். வரைந்த உருவம் ஆடிப் பெரியவர்களைச் சிரிக்கவைப்பது நமக்கு அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாக வேண்டிய சங்கதி அல்ல. சாம்புவைக் கொண்டாடும் பெரிய மனிதர்களை அந்த இருவரின் இடத்திலிருந்து பார்க்க ஒரு எழுத்தாளர் துணிந்தால் மீதிப் பாதி டெல்டாவும் கதைக்குள் வரும். அந்த எழுத்து இல்லாமல் படம் மட்டும் அசைந்து பயனில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. ஓடி முடிந்த தமிழ்த் தொடர்களை அனிமேஷனாக்குவது பெரும்பாலும் வீண் வேலை. நடிகரின் முகத்தை நகலெடுக்கும் எந்த முயற்சியும் ‘கோச்சடையான்’ நாகேஷிடம்தான் போய் நிற்கும். அந்தத் தொடர்களுக்கும் முந்தி, கோட்டில் பிறந்த பாத்திரங்களுக்கு மட்டும் இந்த வழி திறந்திருக்கிறது. அவற்றிலும் சாம்புவுக்கு முதல் இடம். நிபந்தனை இரண்டு: தொலைக்காட்சிச் சாம்புவைப் பார்த்து வரையாமல் தாளில் இருக்கும் சாம்புவிலிருந்து தொடங்க வேண்டும், குழந்தைகளுக்காக அவனைத் துள்ளவிடக் கூடாது.

யாராவது எடுக்கத் துணிந்தால் முதல் அத்தியாயத்தில் சாம்பு எதுவுமே செய்ய வேண்டாம். பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைத் தடவிக்கொண்டிருக்கட்டும். போலீஸ், பத்திரிகை, பணக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் அவனைச் சுற்றிச் சுற்றி ஓடட்டும். அந்த 15,840 படத்தில் அவன் முகத்துக்கு ஒரே படம் போதும். மீதி அத்தனையும் நமக்கு.