படக்குறிப்பும் மொழிபெயர்ப்பும்: தில்லிக் காட்சிகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

நிழற்படம் மொழியின் துணையின்றியே பொருளுணர்த்தும் என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. ஆனால் கண்காட்சியிலோ நூலிலோ நாளிதழிலோ அதனைக் காண்பவர் படத்தை மட்டும் காண்பதில்லை. அதன் கீழுள்ள ஓரிரு வரிகளையும் சேர்த்தே காண்கிறார். படத்தில் எதனைக் கவனிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அவ்வரிகளே முடிவு செய்கின்றன. தில்லியின் தெருக்களையும் பறவைகளையும் ஆற்றங்கரையையும் காட்டும் படங்கள் பலவற்றுக்குக் குறிப்புகள் முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, அதன் பின்னரே தமிழுக்கு வருகின்றன. அவ்வாறு வரும்போது அவை இழப்பது யாது, அவ்விழப்பைத் தவிர்க்கும் நெறி யாது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. படக்குறிப்பை ஆங்கிலத் தொடரிலிருந்து மட்டும் பெயர்த்தல் போதாது, படத்திலிருந்தும் பெயர்த்தல் வேண்டும் என்பதே இங்கு நிறுவப்படும் கருத்தாகும்.

முதல், கரு, உரி

அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுப்பது தொல்காப்பிய மரபு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய மரம், விலங்கு, பறவை, உணவு, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் உணர்வொழுக்கம் உரிப்பொருள். பாடலுக்கு வகுக்கப்பட்ட இப்பகுப்பு, படக்குறிப்பை மதிப்பிடுவதற்கும் ஏற்ற அளவுகோலாக அமைகிறது. நல்ல குறிப்பு முதலையும் கருவையும் தந்து, உரியைப் படத்துக்கே விட்டுவிடும். குறையுடைய குறிப்போ உரியைத் தானே சொல்லிவிட்டு, முதலையும் கருவையும் மறைத்துவிடும்.

இதற்குத் தில்லியிலேயே நல்ல சான்று உண்டு. பழைய தில்லியை ஒட்டி, நிகம்போத் படித்துறைக்கு அருகே, யமுனைக் கரையில் குளிர்கால விடியற்பொழுதுகளில் நிழற்படக் கலைஞர்கள் திரள்வது வழக்கமாகியுள்ளது. ஆற்றின்மேல் வெண்பறவைக் கூட்டம் சுழல்கிறது. படகில் இருப்போர் எறியும் தீனிக்கு அது தாழ்ந்து வருகிறது. பின்புலம் முழுவதும் வெண்மையாக மங்கியிருக்கிறது. அன்றாட வாழ்வு, காட்டுயிர், நிலக்காட்சி ஆகிய மூன்றும் ஒரே சட்டகத்துள் அடங்குவதால் இக்காட்சி மீண்டும் மீண்டும் எடுக்கப்படுகிறது. இதன் குறிப்புகளில் ‘அமைதி’, ‘கனவு’ போன்ற சொற்களும், பறவையைப் பற்றிச் ‘சைபீரியப் பறவைகள்’ என்னும் பொதுத்தொடரும் இடம்பெறுவதுண்டு.

உண்மையில் அங்கு வருபவை கடற்காக இனங்கள். கருந்தலைக் கடற்காகமும் பழுப்புத்தலைக் கடற்காகமும் அவற்றுள் அடங்கும். பின்னது நடு ஆசிய உயர்நிலங்களிலும் திபெத்திலும் லடாக்கின் ஏரிகளிலும் இனப்பெருக்கம் செய்வது. ஆகவே, ‘சைபீரிய’ என்னும் அடைமொழி, இந்திய எல்லைக்குள்ளேயே பிறந்திருக்கக்கூடிய பறவையையும் அயல்நாட்டதாக்கி விடுகிறது. கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள நகரத்தின் ஆற்றில் ‘கடற்காகம்’ பறக்கிறது என்னும் வியப்பைப் படிப்பவர் அடைவதற்கும் அச்சொல் இடந்தரவில்லை. பெயரைச் சொல்லியிருந்தாலே போதும். கனவு என்று கூற வேண்டிய தேவை எழாது.

பொழுதும் பருவமும்

முதற்பொருளின் ஒரு கூறாகிய பொழுதைப் பெயர்ப்பதில் இடர் மிகுதி. தில்லியில் தென்மேற்குப் பருவமழை ஜூன் இறுதியில் தொடங்கிச் செப்டம்பர் இறுதியில் விலகுவது இயல்பு. ‘மழைக்காலத் தில்லி’ என்று பெயர்த்தால், சென்னையிலோ தஞ்சையிலோ உள்ள வாசகர் மனத்தில் எழுவது ஐப்பசி, கார்த்திகை மாதத்து அடைமழையே. அம்மாதங்களில் தில்லியின் வானம் பெரிதும் மழையற்றது. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என உரையாசிரியர் வகுத்த பழம்பகுப்பு, இன்றைய சென்னை மழையைக் காட்டிலும் தில்லி மழைக்கே நெருங்கி வருகிறது. ‘ஆவணி மழையில் தில்லி’ எனத் திங்களின் பெயரைச் சேர்ப்பது, ஒரு சொல்லில் இம்மயக்கத்தை நீக்கிவிடும்.

இலையுதிர்வும் அத்தகையதே. ஆங்கிலப் பருவப் பெயரைப் பின்பற்றி அக்டோபர், நவம்பர் மாதங்களை ‘இலையுதிர்காலம்’ என்பது தமிழ் இதழ்களில் நிலைத்துவிட்ட வழக்கு. தில்லியில் அரசும் வேம்பும் பழைய இலைகளை உதிர்ப்பது பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில்தான். உதிர்வும் தளிர்ப்பும் அங்கே அடுத்தடுத்தே நிகழ்கின்றன. சருகு பரந்த சாலையின் படத்துக்கு ‘இலையுதிர்காலம்’ என்று எழுதினால், பங்குனியில் எடுத்த படம் ஐப்பசிக்கு மாறிவிடுகிறது.

இவற்றினும் சிக்கலானது ‘பனி’ என்னும் சொல். புல்நுனியின் நீர்த்துளி, காற்றில் மிதக்கும் மூட்டம், மலைமேல் உறைந்த வெண்படலம் ஆகிய மூன்றையும் இவ்வொரு சொல்லே குறிக்கிறது. ‘பனி படர்ந்த யமுனை’ என்பதைப் படிப்பவர் உறைபனியைக்கூட எண்ணக்கூடும். தில்லியின் குளிர்கால வெண்மையோ பலவகைப்பட்டது. டிசம்பர், ஜனவரி மாதங்களின் மூடுபனி ஒன்று. வைக்கோல் தாள் எரிப்பு, ஊர்திப் புகை, பட்டாசு ஆகியவை சேர்ந்து அக்டோபர் இறுதியிலிருந்தே கவியும் புகைமூட்டம் மற்றொன்று. காளிந்தி குஞ்சுப் பகுதியில் ஆற்றின்மேல் மிதப்பது மூன்றாவது வெண்மை. அது பனியும் அன்று, புகையும் அன்று, சலவைப் பொருள்கள் கலந்த கழிவுநீர் அணைக்கட்டில் விழுந்து கலங்குவதால் எழும் நுரை. தீபாவளியை அடுத்துவரும் சத் பூசையின்போது அந்நுரையினூடே நின்று பெண்கள் கதிரவனை வழிபடும் படங்கள் உலகெங்கும் வெளிவந்துள்ளன. கண்ணுக்கு இம்மூன்றும் ஒரே வெண்மை. எது எது என்று பிரித்துக் காட்டும் பொறுப்பு குறிப்பின் சொல்லுக்கே உரியது. நுரையைப் ‘பனித்திரை’ என்னும் மொழிபெயர்ப்பாளர் அழகுப்பிழை மட்டும் செய்யவில்லை. நோயை அழகாக்கிக் காட்டும் பிழையும் செய்கிறார்.

மரமும் விலங்கும்

கருப்பொருளைப் பெயர்க்கும்போது இருவகைத் தவறுகள் நேர்கின்றன. ஒன்று, ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் மாற்றுவது. தில்லி மேட்டுநிலக் காட்டில் ஹோலியை ஒட்டிய நாள்களில் செம்மஞ்சளாகப் பூக்கும் ‘டாக்’ மரத்தைக் ‘காட்டின் சுடர்’ என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயரால் குறிப்பர். அதனை அப்படியே தமிழாக்கினால் ஒரு மரமும் கண்ணுக்குத் தோன்றாது. அம்மரம் தமிழில் புரசு. சென்னையின் புரசைவாக்கத்தோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் மரம் அதுவே. அதே ஆங்கிலப் பெயரை மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகருக்கும் சிலர் வழங்குவதால், படத்தைப் பாராமல் மொழிபெயர்ப்பவர் நாட்டு மரத்தை அயல் மரமாக்கிவிடவும் கூடும்.

மற்றொன்று, இந்திப் பெயரை அவ்வாறே ஒலிபெயர்த்து நிறுத்துவது. தில்லி மேட்டுநிலத்தின் பெரும்பரப்பை மூடியிருப்பது ‘விலாயதி கீக்கர்’. கீக்கர் என்பது கருவேலம். விலாயதி என்பது கடல்கடந்து வந்தது என்னும் பொருளில் தமிழ்ச் ‘சீமை’க்கு நேரான சொல். ஆகவே அது இராமநாதபுரத்துக் கண்மாய்களிலும் கரைகளிலும் மண்டியிருக்கும் சீமைக் கருவேலமே. இரு மொழியினரும் ஒரே மரத்துக்கு, ஒரே அடிப்படையில், தனித்தனியே பெயர் சூட்டியிருப்பது மொழியியலார் கருதத்தக்கது. ‘கீக்கர்’ என்று ஒலிபெயர்த்தால் அது வடநாட்டின் ஏதோ ஒரு மரமாகிறது. ‘பசுமைக் காடு’ என்றாலோ பெயரே அற்றுப்போகிறது. ‘சீமைக் கருவேலங்காடு’ என்ற அளவில், தமிழ் வாசகர் நிலத்தடி நீர், மேய்ச்சல், விறகு, கரி, நீதிமன்ற வழக்கு ஆகிய அனைத்தையும் நினைந்து அப்படத்தைப் பார்க்கிறார். தில்லியின் பல்லுயிர்ப் பூங்காக்களில் இம்மரத்தை விலக்கி நாட்டு மரங்களை மீட்கும் பணி நடந்துவருவதன் காரணமும் அவருக்கு விளக்கமின்றியே புலப்படும்.

விலங்குகளைப் பொறுத்தவரை, வேறுபாட்டைக் காட்டும் சொற்கள் தமிழில் இருந்தும் பயன்படுத்தப்படாமையே பெருங்குறை. செப்டம்பர் 2023இல் ஜி20 மாநாட்டை முன்னிட்டுப் புதுதில்லிச் சாலையோரங்களில் லங்கூர் உருவ அட்டைகள் நிறுத்தப்பட்டன. செம்முகக் குரங்குகள் அவ்வினத்தைக் கண்டு அஞ்சும் என்பது அதற்குக் காரணம். இரண்டையும் ‘குரங்கு’ என்றே எழுதினால், குரங்கை விரட்டக் குரங்கின் படம் வைத்த கதையாகிக் காட்சி பொருளற்றுப்போகும். முசு என்னும் பழஞ்சொல்லும், இன்றைய விலங்கியல் நூல்களில் வழங்கும் மந்தி என்னும் சொல்லும் லங்கூருக்கு உண்டு. மந்தி பழைய வழக்கில் பெண்குரங்கையும் குறித்தலின், முசு மயக்கமற்றது. மேலும், தமிழகத்தில் வாசகர் நாள்தோறும் காணும் குரங்கும் தில்லியின் குரங்கும் வெவ்வேறு இனத்தவை. எனவே ‘செம்முக’ என்னும் அடையும் இன்றியமையாதது. விலங்கின் ஆணுக்கும் பெண்ணுக்கும் குட்டிக்கும் தனித்தனிப் பெயர்களை மரபியலில் வகுத்துவைத்த மொழிக்கு இவ்வேறுபாடு அரிதன்று.

தொழிலும் வினைச்சொல்லும்

தொழிலும் கருப்பொருளுள் அடங்கும். ரகு ராய் 1966இல் எடுத்த ஹுமாயூன் கல்லறைப் படம் இங்குக் கருதத்தக்கது. பெயர்பெற்ற அந்நினைவுச் சின்னத்தின் அருகே கோதுமைக் களத்து வேலை நடப்பதே அதன் பொருள். ஆங்கிலத்தில் அவ்வேலையை ஒரு பொதுச்சொல்லால் குறித்துவிடலாம். தமிழில் கட்டைக் கையால் அறைவது கதிரடித்தல். மாடு கட்டி மிதிப்பது பிணையடித்தல் அல்லது போரடித்தல், ஈழ வழக்கில் சூடடித்தல். காற்றில் பதரைப் பிரிப்பது தூற்றுதல். எதனைத் தேர்வதென்று ஆங்கிலத் தொடர் சொல்லாது; படத்தில் உள்ள கையையும் காலையும் காற்றையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். தமிழின் வினைச்சொல் வளம் மொழிபெயர்ப்பாளரைப் படத்தின்பால் திருப்பி அனுப்புகிறது. ‘ஹுமாயூன் கல்லறை’ என்று மட்டும் எழுதி அவ்வுழைப்பைத் தவிர்ப்பவர், தலைநகரின் நடுவே களமும் பொலியும் இருந்தன என்னும் வரலாற்றுச் செய்தியையே நீக்கிவிடுகிறார்.

மறுப்பும் விடையும்

இத்துணைத் துல்லியம் கலைப்படத்தை உயிரியல் காட்சிச்சாலையின் பெயர்ச்சீட்டாக்கிவிடும் என்று மறுக்கலாம். இம்மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு. ஒரு கண நேரத் தெருக்காட்சிக்குப் பெயர்ப்பட்டியல் தேவையில்லை. எனினும் துல்லியமும் சுவையும் பகையல்ல என்பதற்கு மா. கிருஷ்ணன் சான்றாவார். அ. மாதவையாவின் மகனாகிய இவர் (1912–1996) காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர்; ஆங்கிலத்தில் 1950 முதல் இறுதிவரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் பத்தி எழுதியவர்; தமிழிலும் எழுதியவர். சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் அவரது தமிழ்க் கட்டுரைத் தொகுப்பில், உயிரினங்கள் நாட்டு வழக்குப் பெயர்களாலேயே வாசகருக்கு அறிமுகமாகின்றன. பெயரைச் சரியாகச் சொன்னபின் வியப்பைத் தனியே சொல்ல வேண்டியதில்லை என்பதை அவருடைய உரைநடை காட்டுகிறது. கலைச்சொல்லை மிகுத்தல் வேறு; வழக்குச் சொல்லை அறிந்து பயன்படுத்தல் வேறு.

தில்லிவாழ் தமிழர் கீக்கர், டாக் என்றே வழங்குவதால் அச்சொற்களே உண்மையானவை என்பது மற்றொரு மறுப்பு. அவ்வாசகரை மட்டும் கருதி எழுதும் இடத்தில் இது ஏற்கத்தக்கதே. பிற இடங்களில் ‘புரசு, தில்லியில் டாக்’ என இரு பெயரும் நிற்பதற்குக் குறிப்பில் இடமுண்டு.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. ஒன்று, மொழிபெயர்ப்பாளருக்கு ஆங்கிலத் தொடரோடு படமும், எடுத்த திங்களும், இடமும் தரப்பட வேண்டும். இரண்டு, பருவம், மரம், விலங்கு, தொழில் ஆகியவற்றின் பெயர்களில் வழக்குச் சொல்லைத் தேடிய பின்னரே ஒலிபெயர்ப்பை நாட வேண்டும். மூன்று, மூலத்தில் இல்லாத உணர்ச்சிச் சொல்லைச் சேர்த்தலாகாது. மூலத்தில் மிகுந்திருப்பின், இடம் சுருங்கும்போது முதலில் நீக்கத்தக்கது அதுவே.

புரசும் முசுவும் தூற்றுதலும் அகராதியில் உறங்கும் சொற்களாகிவருகின்றன. அவற்றைக் காட்டும் படங்களோ நாள்தோறும் பெருகுகின்றன. ஒரு சொல் படத்தின் கீழ் ஒருமுறை அச்சேறினால், அதனைக் கண்ணால் கண்டவர் மறப்பதில்லை. படக்குறிப்பு இதழின் மிகச் சிறிய பகுதியாயினும், சொல்லும் பொருளும் நேருக்குநேர் சந்திக்கும் இடம் அதுவே ஆதலின், மொழிபெயர்ப்பாளரின் கவனம் அங்கே குறைதல் தகாது.