தோட்டப்பள்ளி முதல் இணையம் வரை: சட்டக் கடமை குறித்த ஒரு நோக்கு

ஒரு சட்டம் யாரைக் கடமைப்படுத்துகிறது, யாரை விட்டுவிடுகிறது என்னும் வினாவே அதனை மதிப்பிடும் முதல் அளவுகோல் எனலாம். மலேசியாவின் இணையச் சட்டங்களை இவ்வளவுகோலால், பேராக் மாநிலத் தோட்டத் தமிழரின் பட்டறிவோடு இணைத்து நோக்க முற்படுகிறோம்.

பேராக் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களில் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்ட உரிமையாளர் பள்ளி அமைத்துத் தரவேண்டும் என்றது. கடமைக்குரியவர் யார் என்பது தெளிவாக இருந்தது. பள்ளியின் தரமோ தெளிவாக இல்லை. எனவே, கொட்டகையே பள்ளியாகவும், கங்காணியோ கிராணியோ ஆசிரியராகவும் அமைந்த நிலை பல தோட்டங்களில் காணப்பட்டது. சட்டத்தின் சொல் நிறைவேறியது, பொருள் நிறைவேறவில்லை.

இதே அமைப்பை அகண்ட அலைவரிசைத் துறையிலும் காண்கிறோம். 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற நிறுவனங்கள், கணக்கிடப்பட்ட நிகர வருவாயில் 6 விழுக்காட்டைப் பொதுச்சேவை நிதிக்குச் செலுத்துகின்றன. பின்தங்கிய பகுதிகளுக்கு இணைப்பு வழங்குவதே அந்நிதியின் நோக்கம். எனினும், 2008இல் அரசு 240 கோடி ரிங்கிட் பங்களித்த 1,130 கோடி ரிங்கிட் அதிவேக அகண்ட அலைவரிசைத் திட்டம், பொருளாதாரப் பயன் மிகுந்த பகுதிகளுக்கே முன்னுரிமை தந்தது. 2020இல் அறிவிக்கப்பட்ட ஜென்டெலா திட்டம், மக்கள் வாழும் பகுதிகளில் நான்காம் தலைமுறைச் சேவையை 91.8இலிருந்து 96.9 விழுக்காடாக உயர்த்த இலக்குக் கொண்டது.

'மக்கள் வாழும் பகுதி' என்னும் தொடர் கூர்ந்து நோக்கத்தக்கது. தோட்டத் துண்டாடலாலும், இரப்பர் செம்பனையாக மாறியதாலும் பேராக்கின் தோட்டக் குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் போன்ற நகர்ப்புறங்களை நோக்கிப் பெயர்ந்தன. லயன் வீடுகளில் எஞ்சியோர் சிலரே. மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்ட விழுக்காடு உயரும்போது, இச்சிலர் அதற்குள் மறைந்துபோகக் கூடும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணைப்பின்மை கல்வியின்மையாகவே மாறியது. சராசரி விழுக்காடு அவ்விழப்பை அளப்பதில்லை.

தனிமறைவு குறித்த சட்டமோ வேறொரு குறையைக் காட்டுகிறது. 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, மத்திய, மாநில அரசுகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்கிறது. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டத்தை மூன்று லட்சத்திலிருந்து பத்து லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியது. தரவுக் கசிவை அறிவிக்கும் கடமையையும் சேர்த்தது. ஆயின் அவ்விலக்கு நீங்கவில்லை. ஒரு தமிழ்ப்பள்ளி மாணவனின் விவரம் தனியார் கற்றல் செயலியிடம் இருந்தால் சட்டம் துணை நிற்கும். கல்வி அமைச்சிடம் இருந்தால் அச்சட்டம் துணை நிற்பதில்லை. அரசின் பணிகள் தனித்தன்மையன, அவற்றுக்கு வேறு சட்டங்கள் உள்ளன என்பர். அவ்வாதத்தில் ஓரளவு உண்மையுண்டு. எனினும் பிள்ளைகளின் தரவைப் பெருமளவில் வைத்திருப்பது அரசே என்பதை மறத்தலாகாது.

2026 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள இணையப் பாதுகாப்புச் சட்டமும் சேவை வழங்கும் நிறுவனங்களுக்கே கடமை விதிக்கிறது. குழந்தைகளைக் காக்கும் அதன் நோக்கம் வரவேற்கத்தக்கது. ஆனால், 1912இல் தோட்ட உரிமையாளர், 1998இல் உரிமதாரர், 2010இல் வணிகர், இன்று ஊடகத் தளங்கள் என, கட்டுப்படுவோர் மாறினும் கட்டுப்படுத்தும் அரசு தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் கூறு வளரவில்லை.

ஆகவே இரண்டினை வலியுறுத்துகிறோம். இணைப்பின் நிலை மாவட்ட விழுக்காடாக மட்டுமன்றிப் பள்ளிதோறும் தோட்டந்தோறும் வெளியிடப்படல் வேண்டும். மாணவர் தரவைப் பொறுத்தேனும் அரசும் சட்டத்திற்கு உட்படல் வேண்டும். தரமும் பொறுப்பும் வரையறுக்கப்படாத கடமை எவ்வாறு முடியும் என்பதைத் தோட்டப்பள்ளியில் பயின்ற தலைமுறை நன்கறியும்.