பல் முகாமுக்கு மதிப்பெண் இடுவது யார்?

கரியமாணிக்கத்தில் எங்கள் தெருவில் வசிக்கும் சிறுமி ஒருத்திக்கு இப்போது வயது ஒன்பது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவள் படிக்கும் பள்ளியில் பல் பரிசோதனை முகாம் நடந்தது. மாலையில் ஒரு சீட்டுடன் வீடு திரும்பினாள். 'பற்சொத்தை உள்ளது, பல் மருத்துவரை அணுகவும்' என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. அவளுடைய பெயர் மட்டுமே பேனாவால் எழுதப்பட்டிருந்தது. எந்தப் பல், எவ்வளவு ஆழம், எத்தனை நாட்களுக்குள், எங்கே செல்வது என்ற விவரம் எதுவும் இல்லை. "பால் பல்லுதானே சார், விழுந்தா மொளைச்சிடும்" என்றார் அவளுடைய தாயார். அடுத்த ஆண்டும் முகாம் வந்தது. அதே சீட்டும் வந்தது. அதன்பின் ஓர் இரவு கன்னம் வீங்கிவிட்டது. புதுச்சேரிக்கு அழைத்துச் சென்றபோது பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

பிடுங்கப்பட்டது பால் பல் அன்று. ஆறு வயதை ஒட்டி முளைக்கும் முதல் நிலைக் கடைவாய்ப்பல். பால் பற்கள் இருபதுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே இது முளைக்கிறது. ஆகவே பெற்றோர் இதனையும் பால் பல் என்றே எண்ணிவிடுகின்றனர். இது போனால் மறுபடி முளைக்காது. இந்த உண்மையைத் தாயாரிடம் எடுத்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும். இரண்டு முகாம்களிலும் அந்த ஒரு நிமிடம் கிடைக்கவில்லை.

ஆயினும் இரண்டு முகாம்களும் சிறப்பாக நடந்தவை என்றே கணக்கில் உள்ளன. எத்தனை பிள்ளைகளைப் பார்த்தோம், எத்தனை பல் துலக்கிகள் வழங்கினோம் என்பவையே அந்தக் கணக்கு. இந்தக் கணக்கு முறையைத்தான் இங்கே விமர்சிக்க விரும்புகிறேன். நான் பல் மருத்துவன் அல்லன், இயற்பியல் ஆசிரியன். ஆனால் எதை அளப்பது, எப்படி அளப்பது என்பது எங்கள் துறையின் அரிச்சுவடி.

எதை அளப்பது?

மருத்துவப் பணியின் தரத்தை மூன்று நிலைகளில் பார்க்கலாம் என்று 1966ஆம் ஆண்டில் அவேடிஸ் டோனபீடியன் என்னும் அறிஞர் விளக்கினார். முதலாவது, கட்டமைப்பு: மருத்துவர், நாற்காலி, கருவி முதலியன உள்ளனவா? இரண்டாவது, செயல்முறை: செய்ய வேண்டியது முறையாகச் செய்யப்பட்டதா? மூன்றாவது, விளைவு: நோயாளிக்கு என்ன ஆயிற்று? நம் முகாம் அறிக்கைகள் முதல் நிலையையும் இரண்டாம் நிலையில் பாதியையும் தொட்டுவிட்டு நின்றுவிடுகின்றன. விளைவு என்னும் பக்கம் காலியாகவே இருக்கிறது.

விளைவை அளக்கக் கருவி இல்லாமல் இல்லை. 1938ஆம் ஆண்டு முதலே ஓர் எளிய எண் புழக்கத்தில் உள்ளது. ஒரு குழந்தைக்குச் சொத்தையான பற்கள், சொத்தையால் இழந்த பற்கள், சொத்தை அடைக்கப்பட்ட பற்கள் ஆகியவற்றைக் கூட்டினால் கிடைப்பதே அது. இதனைச் 'சொத்தை-இழப்பு-அடைப்பு எண்' என்று அழைப்போம். உலகச் சுகாதார நிறுவனமும் உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பும் 1981இல் ஓர் இலக்கை வகுத்தன. 2000ஆம் ஆண்டுக்குள் 12 வயதுச் சிறுவர்களின் சராசரி எண் 3-ஐத் தாண்டக் கூடாது என்பது அது.

இந்த இலக்கில் நாம் தேறிவிட்டோம் என்பதுதான் வேடிக்கை! இந்தியப் பல் மருத்துவக் குழுமம் 2002-2003இல் நாடு தழுவிய ஆய்வு ஒன்றை நடத்தியது. அதில் 12 வயதினரின் சராசரி 3-க்குக் கீழேயே இருந்தது. ஆனால் அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சொத்தை இருந்தது. அந்தச் சொத்தைகளில் பெரும்பகுதி சிகிச்சை காணாதவை. தேர்ச்சி பெற்றோம், பிள்ளைகளின் வலி தீரவில்லை.

குறை சராசரியில் இருக்கிறது. ஒன்பது பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஆறு பேருக்கு ஒரு சொத்தையும் இல்லை. மூவருக்கு ஆளுக்கு ஆறு. கூட்டுத்தொகை 18, சராசரி 2. இலக்கின்படி இந்த வகுப்பு நன்றாகவே உள்ளது! அந்த மூவரும் எந்தப் பக்கம் மென்று சாப்பிடுவது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். இந்தக் குறையைப் போக்க சுவீடன் நாட்டு அறிஞர் டக்ளஸ் பிராட்டால் 2000ஆம் ஆண்டில் ஒரு வழி சொன்னார். மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மூன்றில் ஒரு பங்கினரை மட்டும் தனியே எடுத்துச் சராசரி காண வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது 6. மறைந்திருந்த மூவரும் வெளிப்பட்டுவிட்டனர்.

இன்னொரு எளிய எண்ணும் உண்டு. மொத்த எண்ணில் அடைக்கப்பட்ட பற்கள் நூற்றுக்கு எத்தனை என்பதே அது. சொத்தை கண்ட பற்களுள் எத்தனைக்கு அடைப்புச் சிகிச்சை கிட்டியது என்பதை அது காட்டும். முகாம் அறிக்கையில் இந்த ஓர் எண்ணை மட்டும் கட்டாயமாக்கினாலே பல அறிக்கைகளின் நிறம் மாறிவிடும்.

எப்படி அளப்பது?

திருகு அளவியைக் கையில் எடுக்கும் மாணவனிடம் முதலில் என்ன சொல்கிறோம்? சுழிப்பிழையைப் பார், ஒரே அளவீட்டைப் பலமுறை எடு என்கிறோம். சன்னல் வெளிச்சத்தில் மணிக்கணக்காக வாய் வாயாகப் பார்க்கும் மருத்துவரின் கண்ணும் ஓர் அளவுகருவியே. அதற்கும் பிழை உண்டு. ஆகவேதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கெடுப்பு நெறிகள், நூற்றுக்கு 5 முதல் 10 பேரை மறுபடியும் பரிசோதிக்கச் சொல்கின்றன.

இருவர் பார்த்து ஒத்த முடிவு சொன்னால் போதுமா? போதாது. நூறு பிள்ளைகளை இரு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்ததாகக் கொள்வோம். இருவருமே வாயைப் பார்க்காமல் காசைச் சுண்டிப் போட்டுச் 'சொத்தை உண்டு', 'இல்லை' என்று எழுதினாலும், ஏறக்குறைய 50 பேரிடம் தற்செயலாக ஒத்துப்போவார்கள். எனவே, இருவரும் பாதிப் பிள்ளைகளுக்கு 'உண்டு' என்று எழுதி 70 பேரிடம் ஒத்துப்போயிருந்தால், திறமையால் கிட்டிய ஒற்றுமை 70-இலிருந்து 50-ஐக் கழித்த 20 மட்டுமே. கிட்டியிருக்கக்கூடியதோ 50. ஐம்பதுக்கு இருபது, அதாவது 0.4. இந்தக் கணக்கை ஜேக்கப் கோஹன் 1960இல் தந்தார்; 'கப்பா' எண் என்று பெயர். பள்ளி முகாமில் இதைக் காண ஒரு தாளும் பென்சிலும் போதும்.

நாடு தழுவிய திட்டம்

2013 பிப்ரவரியில் மைய அரசு தொடங்கிய 'ராஷ்டிரிய பால சுவாஸ்திய காரியக்ரம்' திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளிடம் 30 வகைக் குறைகளைத் தேடுகிறது. பல் நோயும் அவற்றுள் ஒன்று. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் குழு செல்ல வேண்டும் என்பது நெறி. பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆனால் நெறிப்படி அக்குழுவில் பல் மருத்துவர் இல்லை. கண்டறிந்து மேலே அனுப்புவதே அதன் வேலை. அனுப்பப்பட்ட பிள்ளை போய்ச் சேர்ந்ததா என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

கோரிமேட்டில் அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ஆனால் கரியமாணிக்கத்திலிருந்து பிள்ளையுடன் அங்கே சென்று திரும்பத் தாய்க்கு ஒரு நாள் கூலி போய்விடும். சீட்டைக் கொடுத்ததும் நம் கடமை முடிந்தது என்போர் இந்தக் கூலியையும் கணக்கில் எழுத வேண்டும்.

செய்யக்கூடியவை

தணிக்கை என்றதும் குற்றம் காணும் வேலை என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒரு தரத்தை வகுத்தல், அளத்தல், ஒப்பிடுதல், திருத்துதல், மீண்டும் அளத்தல் என்னும் சுற்றே அது. நம் பள்ளிகளுக்கு ஐந்து தரங்களை முன்வைக்கிறேன்.

ஒன்று: சீட்டில் பல்லின் எண் இருக்க வேண்டும். உலக வழக்கில் முதல் நிலைக் கடைவாய்ப்பற்களின் எண்கள் 16, 26, 36, 46. இந்த நான்கையும் தனியே பார்த்துக் குறிக்க வேண்டும்.

இரண்டு: பத்தில் ஒரு பிள்ளையை மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

மூன்று: வலியோ வீக்கமோ உள்ள பிள்ளைக்கு ஒரு வாரத்துக்குள்ளும், மற்றச் சொத்தைகளுக்கு மூன்று மாதத்துக்குள்ளும் சிகிச்சை கிட்ட வேண்டும்.

நான்கு: ஆறு மாதம் கழித்து அதே பட்டியலுடன் அதே பள்ளிக்கு வர வேண்டும்.

ஐந்து: சிகிச்சை பெற்றோர் எத்தனை பேர், பெறாதோர் எத்தனை பேர் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் படிக்க வேண்டும்.

மருத்துவர்களுக்கு நேரமில்லை, பணமில்லை என்று சிலர் கூறலாம். எல்லாச் சொத்தைக்கும் துளையிடும் எந்திரம் தேவையில்லை. சொத்தையின் மேல் தடவி அது பரவாமல் நிறுத்தும் சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு கரைசலையும், கைக்கருவியால் சுரண்டிவிட்டு அடைக்கக்கூடிய கண்ணாடி அயனோமர் சிமென்டையும் உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்துள்ளது. முன்னது சொத்தைப் பகுதியைக் கறுப்பாக்கும். வேர்வரை சென்றுவிட்ட சொத்தைக்கு உதவாது. இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆனால் உரிய காலத்தில் தடவினால் பல பற்களைக் காப்பாற்றலாம். ஃபுளோரைடு கலந்த பற்பசையைப் பட்டாணி அளவு எடுத்து நாள்தோறும் இருமுறை துலக்குவது அதனினும் எளிது.

எங்கள் தெருச் சிறுமியின் வாயில் இன்னும் மூன்று கடைவாய்ப்பற்கள் உள்ளன. அடுத்த முகாமுக்கு அவளுடைய தாயார் ஒரு கேள்வியுடன் போகப் போகிறார்: "எந்தப் பல்லுன்னு நம்பர் போட்டுக் குடுங்க சார்." ஒவ்வொரு பெற்றோரும் இதைக் கேட்கத் தொடங்கினால் தணிக்கை அன்றே தொடங்கிவிடும்.