வேட்டை முறையும் வேட்டை எழுத்தும்

வேட்டை பற்றிய எழுத்து பெரும்பாலும் வீரத்தின் எழுத்தாகவே வாசிக்கப்பட்டு வந்துள்ளது. எந்த விலங்கு, எத்தனை, எவ்வளவு ஆபத்து என்னும் வினாக்களோடு வாசகன் நின்றுவிடுகின்றான். எம்முறையிற் கொல்லப்பட்டது, அதில் யார் யார் பங்குகொண்டனர், அவர்களுள் எவருக்கு எழுத்தில் இடம் கிடைத்தது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. ஆயின், வேட்டைக்காரன் ஒருவன் தனக்கெனத் தெரிந்துகொள்ளும் முறை அவனது திறமையை மட்டுமன்றி, காட்டோடும் பிற மனிதரோடும் அவன் கொண்டுள்ள உறவையும் காட்டுவதாகும். ஈழத்துக் காடுகளைப் பற்றி எழுந்த சில நூல்களை இந்நோக்கில் அணுகுமிடத்து, வீரக்கதைகளுக்குள் மறைந்துகிடக்கும் வேறொரு வரலாறு புலனாகின்றது.

கொழும்புத் தமிழ் வாசகனுக்கு இது அந்நியமான விடயமன்று. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வளரும் ஒருவன் யானையை முதலிற் காண்பது பெரும்பாலும் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையிலேயே. காட்டை அவன் அறிவது நூல்வழியாகவே. இலங்கைக் காடுகள் பற்றி அவன் கைக்கெட்டும் பழைய நூல்களுட் பல ஆங்கிலேய வேட்டைக்காரராலும் நிருவாகிகளாலும் எழுதப்பட்டவை. மறுபுறம், சிவாலயச் சூழலில் வளர்ந்தவன் கண்ணப்பநாயனார் கதைவழியாக வேறொரு வேட்டையையும் அறிந்திருக்கின்றான். இவ்விரு மரபுகளும் அவன் மனத்தில் ஒன்றையொன்று சந்தியாமலே இருந்துவருகின்றன. அவற்றை எதிரெதிரே நிறுத்திப் பார்ப்பது திறனாய்வின் பணியாகும்.

ஆங்கில மரபின் தலையாய பிரதிநிதி சாமுவேல் பேக்கர். நுவரெலியாவிற் குடியேறி 1855 வரை வாழ்ந்த இவர், 1854ஆம் ஆண்டில் இலங்கையில் துவக்கும் வேட்டைநாயும் எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். வேட்டை நாட்டம் ஆங்கிலேயரின் இயல்பிலேயே ஊறியது என்ற கூற்றோடு அந்நூல் தொடங்குகின்றது. ஆகவே அவருக்கு வேட்டை முறை என்பது தனிமனிதத் தெரிவு மட்டுமன்று. ஓர் இனத்தின் தகுதிச் சான்றுமாகும்.

பேக்கரிடம் இருவேறு முறைகள் காணப்படுகின்றன. யானையை அவர் சில அடி தூரம்வரை நெருங்கி நெற்றியிற் சுட்டு வீழ்த்துவார். அவரிடமிருந்த துவக்குகளுள் ஒன்று 21 இறாத்தல் நிறையுடையது; நான்கு அவுன்சுக் குண்டைச் செலுத்தவல்லது. மலைநாட்டு மரை வேட்டையில் அவர் துவக்கை நாடவில்லை. நாய்களை ஏவி, மரையை நீரோடையிலோ பாறையிடுக்கிலோ மடக்கி, கையிலுள்ள கத்தியாற் குத்திக் கொல்வதே அவருக்கு உவப்பான முறை. தூரத்தில் நின்று கொல்வது எளிது, நெருங்கிக் கொல்வதே ஆண்மை என்னும் கருத்து இரண்டிற்கும் பொதுவானது. அவருடைய உரைநடையும் இம்முறையை ஒத்தது. அது நேராகச் செல்வது, விரைவுடையது, இடத்தையும் ஒலியையும் கூர்ந்து பதிவுசெய்வது. இச்சிறப்பினை மறுத்தல் நேர்மையாகாது.

எனினும், நெருங்கிச் செல்லுதல் என்னும் இவ்வீரம் தனித்து இயங்கியதன்று. அக்காலத் துவக்குகள் வாய்வழியாக மருந்து கெட்டிக்கப்பட்டவை. இரு குழல்களும் வெடித்த பின்னர் மீண்டும் கெட்டிக்க அவகாசமில்லை. பின்னால் நிற்பவன் ஓடாது நின்று அடுத்த துவக்கைக் கையில் வைத்தாலன்றி வேட்டைக்காரன் உயிர்தப்புதல் அரிது. காட்டினுள் யானையின் தடத்தைக் கண்டு வழிகாட்டியவரும் உள்ளூர் மக்களே. ஆபத்து சமமாகப் பகிரப்பட்டது, புகழ் பகிரப்படவில்லை. பேக்கரின் நூலில் கில்பக், சிமட், பிரான் முதலிய நாய்கள் பெயரும் குணமும் பெற்றுக் கதைமாந்தர்போல் உலவுகின்றன. துவக்குத் தாங்கியோரும் தடம் கண்டோரும் பெரும்பாலும் ஒரு கூட்டமாகவே வந்து மறைகின்றனர். இது நினைவுப்பிசகால் நேர்ந்த குறையன்று. தனியொருவனின் வீரமாக வேட்டையைக் கூறும் எழுத்துமுறை பிறரது உழைப்பை மறைத்தே ஆகவேண்டியிருக்கின்றது.

இம்மரபின் மறுமுனை எண்ணிக்கையாகும். 1845 முதல் 1850 வரை குடியேற்றநாட்டுச் செயலாளராகக் கொழும்பிற் பணியாற்றிய எமர்சன் ரெனன்ற், மேஜர் றொஜர்ஸ் என்பவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகப் பதிவுசெய்துள்ளார். அந்த றொஜர்ஸ் 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அவருடைய வேட்டை முறை இன்று பலருக்கும் தெரியாது. எஞ்சியிருப்பது ஓர் எண்ணே. அரசாங்கமும் எண்ணிக்கைக்கே பணம் கொடுத்தது. கொல்லப்பட்ட யானைக்குச் சில சிலிங் வெகுமதி வழங்கப்பட்ட அக்காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்றாண்டிற்குள் ஏறத்தாழ 3,500 யானைகளும், தென் மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை 2,000 யானைகளும் அழிக்கப்பட்டனவென ரெனன்ற் எழுதுகின்றார். இவ்விடத்தில் வேட்டை, முறை என்னும் நிலையிலிருந்து கணக்கு என்னும் நிலைக்கு இறங்கிவிடுகின்றது.

இதே ரெனன்ற் வேறொரு முறையையும் வியப்போடு விபரித்துள்ளமை குறிப்பிடத்தக்கது. வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள சோனகர் கிராமங்களில் வாழ்ந்த பணிக்கர் யானையைக் கொல்பவரல்லர், பிடிப்பவர். மரையின் அல்லது எருமையின் தோலாலான கயிறொன்றே அவர்களது கருவி. நடக்கும் யானையின் பின்னே அடிக்கு அடி வைத்துச் சென்றோ, நிற்கும் யானையை ஓசையின்றி அணுகியோ, அதன் பின்னங்காலிற் சுருக்கை மாட்டி மரத்தோடு பிணைத்துவிடுவர். நெருங்கிச் செல்லுதலே வீரமெனின், பேக்கரை விடவும் நெருங்கியவர்கள் இவர்களே. ஆயினும் பணிக்கருள் எவரும் தம் அனுபவத்தை நூலாக்கி வைக்கவில்லை. ஒரு நிருவாகியின் சில பக்கங்களில் அவர்கள் தொழிலாளராக மட்டுமே வாழ்கின்றனர்.

இனி, பெரியபுராணத்துத் திண்ணனாரின் வேட்டையை நோக்கலாம். ஒப்பீட்டிற்கு இது மிகவும் பொருத்தமானது. ஏனெனில் முறை ஏறக்குறைய ஒன்றே. இங்கும் நாய்கள் உண்டு; விலங்கைக் காலாற் துரத்திச் செல்லுதல் உண்டு; தப்பியோடிக் களைத்து மரநிழலில் நின்ற பன்றியை அண்மையிற் சென்று வாளால் வெட்டுதலும் உண்டு. வேறுபாடு எழுத்திலே உள்ளது. திண்ணனாரைத் தொடர்ந்து ஓடிவந்த இருவருக்கும் சேக்கிழார் நாணன், காடன் எனப் பெயரிட்டுள்ளார். காளத்தி மலையிற் குடுமித்தேவர் இருக்கும் செய்தியைத் திண்ணனாருக்குக் கூறுபவன் நாணன். தீக்கடைந்து வைக்கும் பணி காடனுடையது. நாணன் வாய்திறவாவிடின் கதை மேலே நகராது. உடன்வந்தவனின் அறிவே தலைவனின் வாழ்வைத் திசைதிருப்புகின்றது.

இரண்டாவது வேறுபாடு வரையறை. அவ்வேடர் யானைக் கன்றுகளைத் தொடர்வதில்லை; குட்டிகளைக் கொல்வதில்லை; கருவுற்றுத் தளர்ந்து நடக்கும் பிணைகளை வருத்துவதில்லை. வேட்டை முறை என்பதற்குள் எதனைச் செய்தல் ஆகாது என்பதும் அடங்கும் என்னும் உணர்வு இங்கு வெளிப்படுகின்றது. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரமும் இத்தகைய மதிப்பீட்டையே வேறொரு வகையில் முன்வைக்கின்றது. முயலின்மேற் தவறாது பாய்ந்த அம்பைவிட, யானையின்மேல் எறிந்து தவறிய வேலை அது உயர்வாகக் கொள்கின்றது. தவறுதலுக்கு மதிப்பளிக்கும் இப்பார்வையை, கொன்ற எண்ணிக்கையால் மட்டும் நினைவுகூரப்படும் றொஜர்ஸின் புகழோடு ஒப்பிட்டு நோக்கினால் இரண்டிற்கும் இடையிலுள்ள தூரம் விளங்கும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். சேக்கிழார் வேடரல்லர், சோழர் அமைச்சர். அவர் பாடியது நடந்த வேட்டையன்று, பக்திக் காவியத்தின் இலட்சிய வேட்டையே. உண்மையான வேட்டைக்காரனின் பதிவோடு அதனை ஒப்பிடுதல் முறையாகுமா? இம்மறுப்பு ஓரளவிற்கு ஏற்கத்தக்கதே. காவியத்தைக் காட்டிப் பண்டைத் தமிழரனைவரும் காட்டை மதித்து வாழ்ந்தனரென முடிவுகட்டுதல் வெறும் பழம்பெருமை பேசுதலாகும். ஆனால் இங்கு ஒப்பிடப்படுவது கைகளின் செயலன்று; எழுத்து எதனைச் சொல்லத்தக்கதெனக் கருதியது என்பதே. அவ்வகையில் இலட்சியமும் ஒரு சான்றாகும்.

வேட்டைக்குப் பின்னாலுள்ள வறுமையை இவ்விரு மரபுகளும் கூறவில்லை. அதனைக் கூறியது, அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை அரசாங்க அதிகாரியாயிருந்த லெனாட் வூல்ஃப் 1913இல் வெளியிட்ட காட்டுக் கிராமம் பற்றிய நாவலாகும். அதில் வரும் சிலிந்து பொழுதுபோக்கிற்காக வேட்டையாடுபவனல்லன். சேனைப் பயிரும் கடனும் கைவிட்ட நிலையில் காடே அவனுக்கு உணவு. காட்டை அவன் வென்றதாக எண்ணுவதில்லை, அதற்கு அஞ்சுகின்றான். ஆராச்சியும் கடன் கொடுத்தவனும் தன்னைத் துரத்துவதை உணரும் கணத்தில், தானே வேட்டையாடப்படும் விலங்கு என்பது அவனுக்குப் புலப்படுகின்றது. திரும்பிநின்று அவ்விருவரையும் சுட்டுக்கொல்கின்றான். பேக்கரின் நூலில் கூட்டமாக மறைந்துபோன கிராமத்து மனிதன் இங்கு கதையின் மையத்திற்கு வந்துவிடுகின்றான். அவ்வாறு வந்ததும் வீரக்கதை துன்பியலாக மாறிவிடுவது தற்செயலன்று.

1937ஆம் ஆண்டின் விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் பின்னர் பேக்கர் வகை வேட்டைக்கு இந்நாட்டில் இடமில்லை. ஆனால் கொலை நின்றுவிடவில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் 150க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். அவ்யானைகளுட் சில, ஹக்கபட்டாஸ் எனப்படும் வெடியைக் கடித்து வாய் சிதைந்து பட்டினியால் மடிந்தவை. காட்டுப்பன்றிக்கென உணவினுள் மறைத்துவைக்கப்படும் இவ்வெடி யானைக் கன்றையும் விட்டுவைப்பதில்லை. வைத்தவன் அவ்விடத்தில் இருப்பதில்லை. எது கடிக்கும் என்பதையும் அவன் அறியான். நெருங்குதல், தவறுதல், விலக்குதல் ஆகிய மூன்றும் அற்ற முறை இது. இதனை வைப்பவனும் பெரும்பாலும் சிலிந்துவைப் போன்ற ஓர் ஏழை விவசாயியே என்பதை மறந்து தீர்ப்புக் கூறுதலும் தகாது.

எனவே வேட்டை இலக்கியத்தை வாசிப்போர் வேட்டைக்காரனின் துணிவை மட்டும் அளந்து அமைதல் போதாது. துவக்கை நீட்டிய கையின் பெயர் எழுதப்பட்டுள்ளதா, தொடரலாகாத விலங்கென ஒன்றேனும் குறிக்கப்பட்டுள்ளதா, அவ்வேட்டையின் செலவை யார் கொடுத்தனர் என்பனவும் வினவப்படவேண்டும். பேக்கரின் நூலை இவ்வினாக்களோடு மீளப் படிப்பவன் அதன் சுவையை இழக்கமாட்டான். அவருக்குப் பின்னால் அசையாது நின்ற மனிதனையும் கண்டுகொள்வான்.