பிரையர்: சேவையகம் இல்லாத செய்தியனுப்பலும் அதன் சோதனைகளும்

பிரையர் என்பது, நடுவில் எந்த நிறுவனத்தின் சேவையகமும் இல்லாமல் ஒரு கைபேசியிலிருந்து மற்றொரு கைபேசிக்கு நேரடியாகச் செய்தி அனுப்ப உதவும் கட்டற்ற மென்பொருள். ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கான இதன் சோதனைப் பதிப்பு 2017-இலும் முதல் முழுப் பதிப்பு 2018-இலும் வெளியாயின. செய்தியின் உள்ளடக்கத்தோடு, யார் யாரிடம் பேசுகிறார் என்ற தகவலையும் மறைப்பது இதன் நோக்கம். இத்தகைய வலையமைப்புகள் எவ்வாறு சோதிக்கப்படுகின்றன, அந்தச் சோதனைகள் விருதுநகர் மாவட்டப் பட்டாசுத் தொழிற்பகுதியில் வாழ்வோருக்கு எவ்வளவு பொருந்தும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் உள்ள பட்டாசு ஆலைகளின் வேலை அறைகளுக்குள் கைபேசி கொண்டுசெல்ல அனுமதி இல்லை. தொழிலாளியின் கைபேசி காலை முதல் மாலை வரை வீட்டிலோ ஆலை வாசலிலோ கிடக்கும். அவருடைய மகன் திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் இரவு வேலை பார்ப்பதாகக் கொள்வோம். தந்தையின் கைபேசி விழித்திருக்கும் நேரத்தில் மகனுடையது உறங்கும். வாட்ஸ்அப்பில் இது சிக்கலே அல்ல. அனுப்பிய செய்தியைச் சேவையகம் வாங்கி வைத்திருந்து பிறகு கொடுத்துவிடும். சேவையகமே இல்லாத வலையமைப்பில் செய்தியை வாங்கி வைக்க யாரும் இல்லை.

தபாலுக்கும் தொலைபேசிக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு இதைப் புரிந்துகொள்ளலாம். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திண்ணையில் போட்டுவிட்டுப் போகலாம். தொலைபேசி மணி அடித்தால் அதை எடுக்க அப்போதே ஆள் வேண்டும். அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே நேரத்தில் இணைப்பில் இல்லாதபோதும் செய்தியைக் கொண்டுசேர்ப்பதே ஒத்திசையாச் செய்தியனுப்பல் எனப்படுகிறது.

மறைவுத்தன்மை இப்பகுதிக்கு எதற்கு என்ற கேள்வி எழலாம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரிய விபத்து ஒவ்வொன்றுக்கும் பிறகு உள்குத்தகை, ஓர் அறையில் அளவுக்கு மீறிய ஆட்கள், அனுமதியற்ற இடத்தில் வேலை ஆகியவை பற்றிய பேச்சு எழுகிறது. இவற்றை முன்கூட்டியே அறிந்தவர் உள்ளே வேலை செய்யும் தொழிலாளி. அவர் புகார் அனுப்பியது வெளியே தெரிந்தால் மறுநாள் வேலை இருக்காது. என்ன எழுதினார் என்பது தெரிய வேண்டியதில்லை, யாருக்கு எழுதினார் என்பது தெரிந்தாலே போதும்.

செயல்படும் முறை

இணையம் இருக்கும்போது பிரையர் டோர் வலையமைப்பு வழியாகச் செய்தியை அனுப்புகிறது. டோரில் ஒவ்வொரு இடைநிலைக் கணினிக்கும் தனக்கு முன்னுள்ளதும் பின்னுள்ளதும் மட்டுமே தெரியும், முழு வழி தெரியாது. இணையம் இல்லாதபோது அருகிலுள்ள கைபேசிகள் புளூடூத் அல்லது வைஃபை வழியாகப் பேசிக்கொள்கின்றன. நினைவக அட்டையிலோ பென் டிரைவிலோ செய்திகளை ஏற்றிக் கையால் கொண்டுபோய்க் கொடுக்கும் வசதியும் பின்னர் சேர்க்கப்பட்டது.

தனிச்செய்திகளைப் பொறுத்தவரை இரு கைபேசிகளும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருக்க வேண்டும். இக்குறையைப் போக்கவே 'அஞ்சல்பெட்டி' என்ற துணைச் செயலி உருவானது. பழைய கைபேசி ஒன்றில் இதை நிறுவி, மின்சாரமும் இணையமும் எப்போதும் இருக்குமாறு வீட்டில் வைத்துவிட்டால், உரிமையாளர் இணைப்பில் இல்லாதபோது வரும் செய்திகளை அது மறையாக்கிய வடிவில் வாங்கி வைக்கும். பிறருடைய சேவையகத்தை நம்பாமல் ஒவ்வொருவரும் தம் வீட்டிலேயே திண்ணை கட்டிக்கொள்ளும் ஏற்பாடு இது. கருத்தளவில் சிறந்த தீர்வுதான். ஆனால் இரண்டு பேருக்கு ஒரு கைபேசி உள்ள வீட்டில் இரண்டாவது கைபேசியும் அதற்கான இணையக் கட்டணமும் கூடுதல் செலவு.

சோதனைகள் மீதான விமர்சனம்

இத்தகைய வலையமைப்புகளைச் சோதிப்போர் பெரும்பாலும் மூன்று அளவுகளைக் கணக்கிடுகின்றனர். அனுப்பிய செய்திகளில் எத்தனை சேர்ந்தன, சேர எவ்வளவு நேரம் ஆனது, ஒரு செய்திக்காக எத்தனை படிகள் அலைந்தன என்பவையே அவை. அமீன் வாதாத், டேவிட் பெக்கர் ஆகியோர் 2000-இல் முன்வைத்த தொற்றுநோய் வழிச்செலுத்தல் முறையில், சந்திக்கும் ஒவ்வொரு கருவிக்கும் செய்தியின் ஒரு படி கொடுக்கப்படுகிறது. செய்தி சேரும் வாய்ப்பு கூடுகிறது. அதே அளவுக்குப் பேட்டரியும் நினைவகமும் செலவாகின்றன, செய்தி நடமாடியதைக் காணும் கண்களும் பெருகுகின்றன. மேற்சொன்ன மூன்று அளவுகளிலும் இந்தக் கடைசி இழப்பு இடம்பெறுவதில்லை.

முதல் குறை, சோதனை நடக்கும் ஊர். இத்துறையில் பரவலாகப் பயன்படும் 'ஒன்' என்ற பாவிப்பு மென்பொருளில் இயல்பாகவே அமைந்திருப்பது ஹெல்சின்கி நகரின் வரைபடம். அதில் பாதசாரிகளும் கார்களும் டிராம்களும் நடமாடுகின்றன. உண்மையான மனிதச் சந்திப்புகளைப் பதிவுசெய்த புகழ்பெற்ற தரவுகளில் ஒன்று, 2005-இல் நடந்த இன்ஃபோகாம் கருத்தரங்குக்கு வந்தவர்களிடம் சிறு கருவிகளைக் கொடுத்துப் பெறப்பட்டது. பட்டாசுப் பகுதியின் நடமாட்டம் வேறு மாதிரியானது. கிராமங்களிலிருந்து ஆலை வேன் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும், மாலையில் அதே ஆட்களை இறக்கிவிடும். சந்திப்புகள் குறைவு, ஆனால் நாள்தோறும் அதே நேரத்தில் நிகழ்பவை. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை உச்சத்தில் இருக்கும், பண்டிகை முடிந்ததும் ஆலைகள் சில காலம் மூடப்படும். ஹெல்சின்கியில் பெற்ற எண்ணை இங்கே அப்படியே பொருத்த முடியாது. பேருந்தைச் செய்தி சுமப்பதாகக் கொண்ட டாக்நெட் திட்டம் 2000-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் செயல்பட்டது. உள்ளூர் நடமாட்டத்தையே அடிப்படையாகக் கொண்டதுதான் அதன் பலம்.

இரண்டாவது குறை, எதிரி இல்லாத சோதனை. 2019-இல் ஹாங்காங் போராட்டத்தின்போது பலரால் பயன்படுத்தப்பட்ட பிரிட்ஜ்ஃபை செயலியை இலண்டன் ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2020-இல் முடிவுகளை வெளியிட்டனர். செய்திகளைப் படிக்கவும், வேறொருவர்போல் நடிக்கவும், பயனர்களைப் பின்தொடரவும், ஒரே ஒரு செய்தியால் வலையமைப்பையே முடக்கவும் முடிந்தது. செய்தி போய்ச் சேர்கிறதா என்ற சோதனையில் அச்செயலி தேறியிருக்கலாம். கெடுக்க நினைப்பவர் ஒருவர் நடுவில் இருந்தால் என்ன ஆகும் என்பதே முக்கியமான சோதனை. இதில் பிரையர் மேலானது. சோதனைப் பதிப்பு வந்தபோதே கியூர்53 என்ற வெளி நிறுவனம் அதன் பாதுகாப்பைத் தணிக்கை செய்தது.

மூன்றாவது குறை, கூட்டத்தின் அளவு. மறைந்துகொள்ளக் கூட்டம் வேண்டும். 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் பொய்யான வெடிகுண்டு மிரட்டல் அனுப்பிய மாணவர் டோரைப் பயன்படுத்தியிருந்தார். டோரின் மறையாக்கத்தை யாரும் உடைக்கவில்லை. அந்நேரத்தில் பல்கலைக்கழக வலையமைப்பிலிருந்து டோரை நாடியவர்கள் யார் என்று பார்த்ததிலேயே அவர் அகப்பட்டார். அங்கு குற்றவாளி பிடிபட்டது நல்லதே. ஆனால் சிற்றூரில் உண்மையான புகார் அனுப்பும் தொழிலாளிக்கும் இதே நிலைதான். ஆயிரக்கணக்கான கணுக்களை வைத்துப் பாவிப்பு செய்து பெற்ற மறைவுத்தன்மை, ஊரில் ஐந்து பேர் மட்டும் பயன்படுத்தும்போது கிடைக்காது.

இம்மூன்றுக்கும் அடியில் ஒரு கோட்பாட்டுத் தடையும் உண்டு. வலுவான மறைவு, குறைந்த தாமதம், குறைந்த தரவுச் செலவு ஆகிய மூன்றையும் ஒருசேரப் பெற முடியாது என்பதை 2018-இல் தாஸ், மைசர், முகம்மதி, கேட் ஆகியோர் நிறுவினர். 2017-இல் வெளியான லூப்பிக்ஸ் வடிவமைப்பு, செய்திகளை வேண்டுமென்றே தாமதித்தும் போலிச் செய்திகளைக் கலந்தும் மறைவைக் கூட்டுகிறது. எனவே வேகத்தை மட்டும் காட்டும் சோதனை முடிவு பாதிக் கணக்கே. அந்த வேகத்துக்காக எது விட்டுக்கொடுக்கப்பட்டது என்பதையும் அது சொல்ல வேண்டும்.

தூத்துக்குடி, 2018

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின், மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்த அரசு ஆணையிட்டது. விருதுநகர் மாவட்டத்தின் எல்லையை அடுத்து நடந்த நிகழ்வு இது. இத்தகைய சூழலில் பிரையர் எந்த அளவுக்கு உதவும்? டோர் இயங்காது. அஞ்சல்பெட்டியும் இணையத்தையே நம்பியிருப்பதால் பயன்படாது. புளூடூத் எட்டும் தொலைவில் இருப்பவருக்குத் தனிச்செய்தி போகும், இடையிலுள்ள கைபேசிகள் வழியாகத் தாவித் தாவிப் போகாது. பொது மன்றச் செய்திகள் மட்டும் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும்போது பரவும். ஆகவே இணையம் இல்லாமலும் இயங்கும் என்ற விளம்பரம் பொய்யன்று, ஆனால் முழுமையானதும் அன்று. 2023 மே மாதம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் தடைசெய்யப்பட்ட 14 செயலிகளில் பிரையரும் ஒன்று என்பதையும், இத்தடையை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது என்பதையும் வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

நல்ல சோதனைக்கான முன்மாதிரி

சோதனை எப்படி அமைய வேண்டும் என்பதற்குச் சிவகாசியின் தொழிலே எடுத்துக்காட்டு. பட்டாசின் ஒலி 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று மட்டும் 1999-ஆம் ஆண்டு விதி சொல்லி நிறுத்தவில்லை. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில், கெட்டியான கான்கிரீட் தரையில் அளக்க வேண்டும் என்பதும் அதில் சேர்ந்தே இருக்கிறது. தொலைவும் தரையும் சொல்லப்படாத டெசிபலுக்குப் பொருளில்லை. அதுபோல, 100-க்கு 90 செய்திகள் சேர்ந்தன என்று கூறும் அறிக்கை, எத்தனை கைபேசிகள், எத்தனை மணி நேரம் அணைந்திருந்தன, எந்த நடமாட்டம், நடுவில் எத்தனை ஒற்றர்கள் என்பவற்றையும் கூற வேண்டும். சேராத 10 செய்திகள் யாருடையவை என்பதையும் பார்க்க வேண்டும். அந்தப் பத்தும் ஆலைக்குள் இருந்தவர்களுடையவை என்றால் 90 என்ற எண்ணால் அவர்களுக்குப் பயனில்லை.

மதிப்பீடு

தன் எல்லைகளைப் பயனர் கையேட்டிலேயே விளக்குவது பிரையரின் பெரிய சிறப்பு. மூலநிரல் திறந்திருப்பதால், சிவகாசி மெப்கோ சிலெங்க் போன்ற பொறியியல் கல்லூரிகளின் மாணவர்கள் ஆலை வேன்களின் வழித்தடத்தையும் வேலை நேரத்தையும் கொண்டு பாவிப்பு அமைத்து, இத்தகைய வலையமைப்பைத் தாமே சோதித்துப் பார்க்க முடியும். கடினமான கணிதம் இதற்குத் தேவையில்லை, தம் ஊர் எப்படி நடமாடுகிறது என்ற அறிவு போதும். அப்படிச் சோதித்துப் பார்க்கும்வரை, ஒரு செயலியின் மறைவுத்தன்மையை நம்பித் தொழிலாளி தன் வேலையைப் பணயம் வைக்குமாறு யாரும் பரிந்துரைப்பது பொறுப்பான செயலாகாது.