தந்தை விட்டுச்சென்ற பண்ணை

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டுகளில் பெரும்பாலான நாயகர்களுக்குத் தாய் தகப்பன் கிடையாது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில், புதுப் பாத்திரத்துக்காக மூன்று பகடைகளை உருட்டுவார்கள். விழுந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் அத்தனை பொற்காசு அவன் மடியில். அந்தக் காசு எந்த வழியில் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. வாள், கேடயம், கயிறு, தீப்பந்தம் வாங்கினால் பை காலி. பாதாளத்தில் புதையல் தேடப் போகிறவனுக்கு அது போதும். ஆனால் நைட் எனப்படும் குதிரைவீரனின் கதை இன்னார் மகன் என்ற இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அவன் ஏறியிருக்கும் குதிரை முதல் அவனை வெறுக்கும் பகையாளி வரை எல்லாம் அவன் பிறப்பதற்கு முன்பே ஏற்பாடாகிவிட்டவை.

இதை விளையாட்டின் விதிகளுக்குள்ளேயே கொண்டுவந்தவர் கிரெக் ஸ்டாஃபோர்ட். ஆர்தர் மன்னர் கதைகளை வைத்து அவர் வடிவமைத்த ‘பென்டிராகன்’ 1985இல் கேயாசியம் நிறுவன வெளியீடாக வந்தது. அவருக்கு ஆதாரமாக இருந்த தாமஸ் மாலரியின் நூலை வில்லியம் காக்ஸ்டன் அச்சிட்டது 1485இல். சரியாக 500 ஆண்டு இடைவெளி. எனக்குத் தெரிந்த மேசை விளையாட்டுகளில் பரம்பரைச் சொத்தை இவ்வளவு நுட்பமாகக் கையாண்டது வேறில்லை.

அந்த நுட்பத்தின் உச்சம் ஒரு சிறிய விதியில் இருக்கிறது. இந்த ஆட்டத்தில் புகழுக்கும் எண் உண்டு. போர், விருந்து, திருமணம், சாகசம் எல்லாவற்றுக்கும் புகழ்ப் புள்ளிகள் சேரும். தந்தை சேர்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் மகனுக்கு. 4,000 புள்ளி சேர்த்த பெருவீரனின் மகன் 400இல் தொடங்குகிறான். அவன் வீட்டோடு முடங்கிவிட்டால் பேரனுக்குக் கிடைப்பது நாற்பதைச் சுற்றி ஏதோ. ஒரு குடும்பத்தின் பெயர் மூன்று தலைமுறையில் எப்படித் தேயும் என்பதை இதைவிடக் குறைந்த சொற்களில் சொல்ல முடியுமா என்று நான் வியந்ததுண்டு. தந்தை பெயர் சபையில் இடம் வாங்கித் தரும். அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க மகன்தான் உழைக்க வேண்டும்.

புகழோடு பகையும் சேர்ந்து வருகிறது. பாத்திரத்தை உருவாக்கும்போதே பாட்டன், தந்தை வாழ்ந்த ஆண்டுகளை ஒவ்வொன்றாகப் பகடையில் உருட்டிப் பார்க்கும் முறை 2005இல் வந்த ஐந்தாம் பதிப்பில் உண்டு. எந்தப் போரில் நின்றார்கள், யார் கையால் இறந்தார்கள் என்று அதில் தெரியவரும். படையெடுத்து வந்த சாக்சன்களால் தந்தை கொல்லப்பட்டிருந்தால், மகனின் பாத்திரத் தாளில் அவர்கள் மீதான வெறுப்பு ஓர் எண்ணாக ஏறிவிடும். அவன் ஒரு சாக்சனைக்கூட இன்னும் பார்த்திருக்க மாட்டான். பிற்பாடு ஆர்தர் சாக்சன்களோடு சமாதானம் பேசும்போது அந்த எண் அவனை என்ன பாடு படுத்தும் என்பதை ஆடிப் பார்த்தவர்களே அறிவார்கள்.

பணம் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான். அதே பதிப்பில் புது நைட்டுக்குச் சால்ஸ்பரி சீமையில் ஒரு பண்ணைக் கிராமம் கிடைக்கும். ஆண்டு வருமானம் 6 பவுண்டு. ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் ஒரு நைட் தன் தகுதிக்கேற்ற சாதாரண வாழ்க்கை வாழ ஆகும் செலவும் அதே 6 பவுண்டுதான். மிச்சம் என்று பெட்டியில் வைக்க ஒன்றுமில்லை. நல்ல போர்க்குதிரையின் விலை ஓராண்டு வருமானத்தைத் தாண்டும். ஆகவே இங்கே செல்வத்தைக் காசு எண்ணி அளப்பதில்லை, வாழும் தரத்தால் அளக்கிறார்கள். பரம ஏழ்மை முதல் அதி ஆடம்பரம் வரை ஐந்து படிகள். ஒவ்வோர் ஆண்டும் சாகசம் முடிந்து குளிர்காலம் வந்ததும் கணக்குப் பார்க்க வேண்டும். தரம் இறங்கியிருந்தால் லாயத்துக் குதிரை பிழைப்பதும் தொட்டில் குழந்தை பிழைப்பதும் கடினமாகும். போன கோடையில் பெருமைக்காக வாரியிறைத்த பணம் பனிக்காலத்தில் குழந்தைக்கான பகடையில் திரும்பி வரும்போது மேசையில் பேச்சு நின்றுவிடும். நில நிர்வாகம் தெரிந்த பெண்ணைத் தேடி நைட்டுகள் அலைவதும் இதனால்தான்.

வரலாறும் இதை ஒட்டியே நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் வில்லியம் மார்ஷல் நிலமில்லாத இளைய மகன். 1160களில் நைட் ஆனதும் முதல் சண்டையிலேயே குதிரையை இழந்தார். தோற்றவர்களிடம் மீட்புப் பணம் வாங்கவும் விட்டுவிட்டார். மேலங்கியை விற்று வேறொரு குதிரை வாங்க வேண்டியதாயிற்று. பிறகு போட்டிப் போர்க்களங்களில் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து பத்து மாதத்தில் 103 நைட்டுகளைச் சிறைபிடித்துப் பொருள் சேர்த்தார். 1189இல் பெரும் நிலவுடைமைக்கு வாரிசான இசபெல் டி கிளேரை மணந்த பின்தான் காலூன்றினார். பண்ணையில்லாத இளைய மகனாக ஆட விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி யாரும் இல்லை.

பணக்கார வீட்டுப் பிள்ளையாக ஆட வேண்டும் என்று ஒருவர் கேட்டால் என்ன செய்வது? தாராளமாகக் கொடுக்கலாம் என்பேன். சொத்தின் மீது கை வைக்க உரிமையுள்ளவர்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். விதவைத் தாய்க்கு மூன்றில் ஒரு பங்கு. தங்கைகளுக்குச் சீதனம். தம்பிக்குக் குதிரையும் கவசமும். பட்டத்துக்கு வரும்போது பிரபுவுக்குச் செலுத்த வேண்டிய வாரிசுப் பணம். 1215இன் மாக்னா கார்ட்டா ஒரு நைட்டின் நிலத்துக்கு அதை அதிகபட்சம் 100 ஷில்லிங், அதாவது 5 பவுண்டு என்று வரம்பு கட்டியது. நம் ஆட்டக் கணக்கில் அது ஏறக்குறைய ஓராண்டு விளைச்சல் முழுவதும். இப்படிக் கொடுத்துவிட்டால் ஆட்டத்தை நடத்துபவர் கதைக்கு வெளியே எங்கும் தேட வேண்டாம். தங்கை கல்யாணமே ஒரு சாகசம்.

485 முதல் 566 வரை நீளும் ‘தி கிரேட் பென்டிராகன் கேம்பெய்ன்’ நூலில் இந்தச் சுமை இன்னும் கனக்கிறது. 495இல் செயின்ட் ஆல்பன்ஸ் விருந்தில் ஆர்தரின் தந்தை மன்னர் ஊத்தரும் பிரபுக்களும் நஞ்சால் மடிகிறார்கள். சால்ஸ்பரியில் கைக்குழந்தையோடு விதவைச் சீமாட்டி எலன் மிஞ்சுகிறாள். ஆர்தர் 510இல் கல்லிலிருந்து வாளை உருவும்வரை அரசன் இல்லை. அந்தப் பதினைந்து ஆண்டில், பண்ணை தன் கையில் நிற்பதே வாரிசுக்குப் பெரிய காரியம்.

பின்னால் வந்த துணைநூல்கள் பண்ணைக் கணக்கை விரித்து எழுதின. மதகு, தோட்டம், ஆலை என்று கட்டிக்கொண்டே போகலாம். அதில் சுகம் காண்பவர்கள் உண்டு. எனக்கு ஓராண்டுக்கு ஒரு பகடை போதும். நேரத்தை வேறிடத்தில் செலவழிப்பேன்: நைட் போரில் சாகிறான், மகனுக்கு ஆறு வயது. பண்ணை பிரபுவின் காப்பில் போய்விடும், வருமானமும் அவருக்கே. விளையாடுபவர் அடுத்துக் கையிலெடுக்க வேண்டியது இறந்தவனின் தம்பியை. நிலம் அவனுடையதல்ல. அண்ணன் மகன் 21 வயதை எட்டும்வரை அதைப் பாழாகாமல் காக்க அவன் பிரபுவிடம் என்ன கேட்பான், எதைக் கொடுப்பான் என்று விளையாடுபவரிடம் கேட்டுவிட்டு, அடுத்த ஆண்டைத் தொடங்குவேன்.